கார் இல்லாம வைன் கிராமத்துக்குப் போனவங்க, இன்னும் மனச உறுத்துற ஒரு சம்பவம் சொல்லுங்க

வழிப்போக்கன்

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, இங்க கொட்டிடறேன். ஜெர்மனி டிக்கெட் 49 யூரோவா இருந்த காலம். கைசர்ஸ்லாட்டர்ன்ல இருந்து ட்ரியர் வழியா புல்லாய், அங்க மாறி ட்ராபன்-ட்ரார்பாஹ் போற குட்டி ரயில், நடுவுல ரைல்னு ஒரு ஊர்ல இறங்கிட்டேன். மோசெல் ஆத்துப் பக்கம் எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்லணுமா என்ன, ஆத்து வளைவு, செங்குத்தா ரீஸ்லிங் திராட்சைக் கொடி, அவ்ளோதான். முதுகுல காலேஜ் பை, அதுல புளியோதரை டப்பா, தண்ணி பாட்டில், ஜாக்கெட்.

ஒரு வீட்டு வாசல்ல போர்டு தொங்குச்சு, கேட் திறந்து கிடந்துச்சு, உள்ள போயிட்டேன். ரப்பர் பூட்ஸோட ஒரு ஆள் வந்தார், அறுபது வயசு இருக்கும். டேஸ்ட் பண்ணலாமான்னு கேட்டதுதான், இனிப்பில்லாத ட்ராக்கன்ல ஆரம்பிச்சு ஃபைன்ஹெர்ப், கபினெட், ஸ்பேட்லேஸன்னு வரிசையா ஊத்த ஆரம்பிச்சுட்டார், காசு வேணாம்ங்கறார். ஒவ்வொண்ணுக்கும் எந்தச் சரிவு, அந்த வருஷம் மழை எப்படி, எல்லாம் சொல்றார், என் ஜெர்மனுக்குப் பாதிதான் புரியுது. ஜன்னல் திண்ணையில வெயில்ல கிடந்த ஒரு கருப்பு ஸ்லேட் கல்ல எடுத்து என் உள்ளங்கையில வச்சார். நல்லா சுட்டுச்சு. பொழுது சாஞ்ச பிறகும் இந்தச் சூடுதான் கொடிய காப்பாத்துதுன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடிப்போச்சு.

கபினெட் நல்லா இருக்குன்னு சொன்னேன். உடனே உள்ள போய் ஆறு பாட்டில் அட்டைப்பெட்டி ஒண்ணு கட்டி, டேப் ஒட்டி, தோள்ல தூக்கிட்டு முத்தத்துக்கு வந்து "வண்டி எங்க நிக்குது?"ன்னு கேட்டார். நான் ஸ்டேஷன் பக்கம் கைய காட்டினேன். அவர் என்ன பாத்தார், பைய பாத்தார், ஒண்ணும் சொல்லல, பெட்டியோட உள்ள போயிட்டார். டேப்ப பிய்க்கற சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு. நியூஸ் பேப்பர்ல சுத்தி ஒரே ஒரு பாட்டில கொண்டு வந்தார். ஏழரை யூரோ. பத்து குடுத்தேன், மீதி ரெண்டரைய எண்ணிக் குடுத்து, நல்லபடியா போயிட்டு வான்னு சொல்லிட்டு கதவ சாத்திட்டார்.

கோவமா, இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அந்த ஊர் வியாபாரமே கார் டிக்கிய நம்பித்தான் ஓடுதுன்னு மட்டும் புரிஞ்சது. உங்களுக்கு யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

கொல்மார் வாசி

கோவம்லாம் இருக்காது ப்ரோ. ஆனா ஒண்ணு சொல்றேன், ஒரு மணி நேரம் ஒருத்தர ஊத்த விட்டுட்டு ஒரு பாட்டில்ங்கறது கொஞ்சம் இடிக்குது. நானா இருந்தா புளியோதரைய அங்கயே காலி பண்ணிட்டு டப்பா இருந்த இடத்துல இன்னும் ரெண்டு பாட்டில் வச்சிருப்பேன்.

நம்ம கதை அல்சாஸ், ஃப்ரான்ஸ். இங்க 1953ல இருந்தே வைன் ரோடுன்னு பேர் வச்சு 170 கிலோமீட்டருக்கு போர்டு நட்டு வச்சிருக்காங்க, ஆனா பேர்லயே ரோடு இருக்கு பாருங்க, ரயில் எல்லா ஊருக்கும் போகாது. ஸ்ட்ராஸ்பூர்க்ல இருந்து செலெஸ்டா, கொல்மார் வரைக்கும் ரயில் சும்மா பறக்கும், அதுக்கப்புறம் ரிக்விர், ரிபோவில்லேன்னா பஸ்தான், அந்த பஸ் நேரம் பாதி ஸ்கூல் பசங்கள வச்சு போட்டது, லீவு விட்டா அட்டவணையே வேற. நான் போன பஸ் கரெக்டா பன்னெண்டு மணிக்கு ஊருக்குள்ள இறக்கி விட்டுச்சு. ஃப்ரான்ஸ்ல பன்னெண்டு மணின்னா என்னன்னு தெரியும்ல, ரெண்டு மணி வரைக்கும் ஊரே சாப்பாட்டுல உக்காந்துரும். திரும்பற பஸ் ஒண்ணரைக்கு. அத விட்டா சாயங்காலம்.

சரி முயற்சி பண்ணுவோம்னு ஒரு வீட்டு மணிய அடிச்சேன். ஒரு பாட்டிம்மா கதவ திறந்தாங்க, கழுத்துல நாப்கின் சொருகியிருக்கு, ஒரு கையில முள்கரண்டி, அதுல ஒரு துண்டு உருளக்கிழங்கு அப்படியே குத்தின மேனிக்கு. மன்னிப்பு கேட்டுட்டு அப்புறமா வரேன்னேன். எதுல வந்தேன்னு கேட்டாங்க, பஸ்னு சொன்னேன். உஸ்னு ஒரு மூச்சு விட்டுட்டு, முள்கரண்டியால உள்ள வான்னு சைகை காட்டி, நின்ன வாக்குலயே கெவுர்ஸ்ட்ரமினர், பினோ க்ரி ரெண்டு ஊத்தினாங்க. அந்த உருளக்கிழங்க கடைசி வரைக்கும் வாயில போடவே இல்ல. உள்ள இருந்து தாத்தா குரல் கொடுத்துட்டே இருந்தார், அவங்க பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை, "பஸ்!" அவ்ளோதான், அவரும் அமைதியாயிட்டார்.

மூணு பாட்டில் வாங்கினேன். வாங்காம எப்படி வரது சொல்லுங்க.

பச்சத்தண்ணி

இத்தன ரயிலு இத்தன பஸ்ஸு மாறிப் போய் குடிக்கணுமா தலைவா, நம்ம ஊர்ல முக்குக்கு முக்கு கடை இருக்கே.

வழிப்போக்கன்

@பச்சத்தண்ணி அங்க யாரும் கல்ல கையில வச்சு காமிக்க மாட்டாங்களே.

@கொல்மார் வாசி மூணு வாங்கிருக்கலாம்தான், ஆனா அந்த மாசம் பதினெட்டாம் தேதி என் அக்கவுண்ட்ல எவ்ளோ இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை

மேல எழுதின ரெண்டு பேருக்கும் பொதுவா சொல்றேன், தப்பா எடுத்துக்க வேணாம். என் அனுபவம் சின்னதுதான், பெர்ன்காஸ்டெல்ல கடைசி பஸ் போயிடுச்சு, அங்க இப்ப ரயிலும் கிடையாது, கூட வந்த நண்பன் டாக்ஸிக்காரர்கிட்ட ஐம்பது யூரோவ எண்ணிக் குடுக்கும்போது அவன் மூஞ்சி போன போக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அவ்வளவுதான் கதை.

இப்ப விஷயத்துக்கு வருவோம். கார் இல்லாம போறவங்க முதல்ல பாக்க வேண்டியது திரும்பற வண்டி. போற வண்டி எப்படியும் கிடைக்கும். ஞாயித்துக்கிழமையில கிராமத்து பஸ் பாதி ஓடாது, சில இடத்துல அட்டவணையில பஸ் இருக்கற மாதிரி இருக்கும், உத்துப் பாத்தா பக்கத்துல ஒரு சின்ன டெலிஃபோன் படம் போட்டிருக்கும், அது ரூஃப்பஸ், முன்கூட்டியே ஃபோன் பண்ணி சொன்னாத்தான் வரும், சொல்லலன்னா நீங்க ஸ்டாப்ல நின்னுட்டே இருக்க வேண்டியதுதான். டேஸ்டிங்குக்கும் முந்தின நாளே ஒரு ஃபோன் போட்டுடுங்க, குறிப்பா அறுவடை சமயத்துல அவங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஃபோன் பண்ணும்போதே ரயில்ல வரேன், பெட்டி தூக்க முடியாதுன்னு சொல்லிட்டா வழிப்போக்கனுக்கு ஆன மாதிரி ஆகாது, அவங்களும் அதுக்கேத்த மாதிரி நாலு வகை ஊத்திட்டு நிறுத்திப்பாங்க. டேஸ்டிங்குக்கு காசு வாங்கற இடத்துக்குப் போறது இன்னும் நல்லது, காச குடுத்துட்டா வாங்கணும்ங்கற சங்கடமே இல்ல.

பட்ஜெட்னா ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் தேடுங்க. தோட்டக்காரங்க அவங்க வீட்டுலயே பெஞ்சு போட்டு சொந்த வைன ஊத்தற இடம், வருஷத்துல நாலு மாசத்துக்கு மேல நடத்தக் கூடாது, நாப்பது இருக்கைக்கு மேல போடக் கூடாது, விலையும் குறைச்சல். வாசல்ல தொடப்பமோ இலைக் கொத்தோ கட்டியிருந்தா திறந்திருக்குன்னு அர்த்தம். வெறும் வயித்துல போகாதீங்க. நடந்து ஸ்டேஷனுக்குத் திரும்பணும்னா இனிப்பு இருக்கற கபினெட் எடுங்க, எட்டு ஒன்பது சதவீதம்தான் இருக்கும், ட்ராக்கன்னா பன்னெண்டுக்குப் பக்கம் போகும். துப்பறதுக்கு ஒரு ஜாடி வச்சிருப்பாங்க, துப்பறது கேவலம்னு நம்மாளுங்க நினைக்கறாங்க, அங்க துப்பினாத்தான் விவரம் தெரிஞ்சவன்னு மதிப்பாங்க. சைக்கிள் எடுத்துட்டா போலீஸ் தொல்லை இல்லன்னு நினைக்காதீங்க, ஜெர்மனியில சைக்கிளுக்கும் ரத்தத்துல ஆல்கஹால் 1.6 ப்ரொமில் தாண்டினா கேஸ், தடுமாறி ஓட்டினா இல்ல ஏதாவது இடிச்சுட்டா 0.3லயே மாட்டலாம், ஃப்ரான்ஸ்ல இன்னும் மோசம், காருக்கு இருக்கற அதே 0.5தான் சைக்கிளுக்கும். கடைசியா, பெட்டி தூக்க வேண்டாம், நிறைய தோட்டக்காரங்க தபால்ல அனுப்புவாங்க, விலைப் பட்டியல்ல கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும். பாட்டில பையில வச்சா சாக்ஸுக்குள்ள போட்டு வைங்க. துவைச்ச சாக்ஸ்.

பேர்ண் தமிழன்

கணக்குப்பிள்ளை அண்ணை, உங்கட கதை நாலு வரி, புத்திமதி நாப்பது வரி. பரவாயில்லை, பிரயோசனமாத்தான் கிடக்கு.

நாங்கள் சுவிஸ். அம்மா ஊரிலயிருந்து வந்து நிண்ட நேரம், ஆனி மாசம். பேர்ணிலயிருந்து லொசான், அங்கயிருந்து ஏரிக்கரையோட போற சின்ன ரெயின், குல்லி, எப்பெஸ், றிவா எண்டு ஒவ்வொரு ஊரிலயும் நிண்டு நிண்டு போகும். லவோ தெரியுந்தானே, 2007இல யுனெஸ்கோ எடுத்த இடம், ஏரியிலயிருந்து மேல வரைக்கும் கல்லுமதில் கட்டிக் கட்டி முந்திரிகைத் தோட்டம், நீங்கள் திராட்சை எண்டுவியள். கொம்யூன் தினச் சீட்டு முந்தியே எடுத்தா ஹல்ப்டாக்ஸ் எண்ட அரைக்கட்டண அட்டையோட அப்ப 39 பிராங், அதோட சீமை முழுக்கச் சுத்தலாம், காருக்குப் பார்க்கிங் தேடி அலையிற காசுக்கு இது எவ்வளவோ திறம்.

அம்மா குடிக்கிற ஆள் இல்லை. எங்கட வீடு உரும்பிராய்ப் பக்கம், அப்பா இருக்கேக்க முந்திரிகைப் பந்தல் போட்டிருந்தவர், அதுதான் இதுகளைக் காட்டுவம் எண்டு கூட்டிக்கொண்டு போனது. சீலையும் என்ரை மகளின்ரை பழைய சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஆள் எங்களைவிடக் கெதியா ஏறுறா. அந்த ஊர்களில கவோ எண்டு இருக்கு, ஊர்த் தோட்டக்காரர் முறை வைச்சு வந்து நிண்டு ஊத்துவினம், தெசி கணக்கில வாங்கலாம், ஒரு தெசி எண்டா நூறு மில்லி. அண்டைக்கு முறையில நிண்டவர் நல்ல மனுசன். அம்மா வாசலில நிண்டு கொடியளைப் பார்த்துக்கொண்டு, "உதென்ன இவ்வளவு குள்ளமா வெட்டி விட்டிருக்கினம், பந்தல் போட மாட்டினமோ?" எண்டு கேட்டவா. மகள் பள்ளிக்கூடத்தில பிரெஞ்சு படிக்கிறாள், அவள் சொல்ல, அந்த மனுசன் சிரிச்சுப்போட்டு அம்மாவைத் தோட்டத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போனவர்.

அம்மா கொடிக்கு முன்னால குந்தி இருந்து, ஒரு இலையை விலக்கி, கக்கத்தில வந்த பக்க முளையை டக்கெண்டு கிள்ளி எறிஞ்சுபோட்டா. எனக்குத் திக்கெண்டுது. அவர் குனிஞ்சு கிள்ளின இடத்தைப் பார்த்தார், நிலத்தில கிடந்த முளையை எடுத்துப் பார்த்தார், பேந்து அடுத்த கொடியைக் காட்டி, இதையும் கிள்ளுங்கோ எண்டமாதிரிக் கையைக் காட்டினார். ரெண்டு பேரும் ஒரு வரிசை முழுக்கக் கிள்ளினவை. ஒரு சொல் கதைக்கேல்லை.

முடிச்சு எழும்பேக்க அம்மா கேட்டவா, "உதெல்லாம் ஆர் புடுங்கிறது? கூலி எவ்வளவு குடுக்கிறியள் எண்டு கேள் பிள்ளை." மகள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால வேண்டாம் எண்டிட்டன். அவர் அந்தப் பிள்ளை என்ன சொல்லப்போறாள் எண்டு சிரிச்ச முகத்தோட பார்த்துக்கொண்டு நிக்கிறார், மகள் "அழகான இடம் எண்டு அப்பம்மா சொல்லுறா" எண்டு சொல்லிப்போட்டாள். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனா அவ சொன்னது அது இல்லை எண்டு அவவுக்கு விளங்கிட்டுது. ரெயினில வரேக்க என்னோட கதைக்கவே இல்லை.

சுருளி

பேர்ண் அண்ணே, அம்மா கேட்டது நூத்துக்கு நூறு சரியான கேள்வி. திராட்சத் தோட்டம் வச்சிருந்த வீட்ல வேற என்ன கேப்பாங்க?

நமக்கு கம்பம் பக்கம், சுருளிப்பட்டி. பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு வந்துச்சே, அந்த மண்ணு. கல்தூண் நட்டு கம்பி இழுத்து பந்தல்ல கொடி ஏத்தி, கவாத்து பண்ணி, வருஷம் பூரா எங்கயாவது ஒரு தோட்டத்துல பழம் இறங்கிக்கிட்டே இருக்கும். இப்ப நான் கோப்லென்ஸ்ல வேலை பாக்கேன். ஒரு அக்டோபர்ல ரயில்ல ஏடிகர்-எல்லர் இறங்கி கால்மாண்ட்டுல ஏறினேன். ஏணி, சங்கிலி எல்லாம் போட்டு வச்சிருக்கான், சரிவு 65 டிகிரி வரைக்கும் போகுது, ஐரோப்பாவுலயே செங்குத்தான தோட்டம்னு சொல்லுதாங்க. அங்க பந்தலும் கிடையாது கம்பியும் கிடையாது, கொடிக்கு ஒரு ஒத்தக் குச்சி, ரெண்டு கிளைய வளைச்சு கீழ கொண்டாந்து கட்டிருக்கான், பாக்க இதயம் படம் போட்டாப்ல இருக்கு.

அறுவடை நடக்குது. ருமேனியாக்காரங்க. சரிவுல ஒத்தத் தண்டவாளம் போட்டு ஒரு மோட்டார் வண்டி, அதுல தொட்டிய வச்சு இறக்குதாங்க, ஆளும் அதுலயேதான் உக்காந்து போகணும். வண்டி நிக்கிற இடத்துல ஒருத்தர் எனக்கு ஒரு கொத்து குடுத்தாரு. இந்தியான்னதும் அங்க வைன் உண்டான்னாரு. நான் ஃபோன எடுத்து எங்க தோட்டத்துப் பந்தல் படத்தக் காட்டினேன். அவ்வளவுதான், ஃபோன் அவர் கையில இருந்து அடுத்தவர், அவர்ட்ட இருந்து அடுத்தவர், எல்லார் கையும் திராட்சச் சாறு, பிசுபிசுன்னு. தலைக்கு மேல பழம் தொங்குதத பாத்துட்டு, கழுத்து வலிக்காதான்னு ஒரு அம்மா கழுத்தப் புடிச்சு நடிச்சுக் காட்டுது. நான் அவங்க முழங்காலக் காட்டி, உங்களுக்கு இது வலிக்காதான்னேன். ஒரே சிரிப்பு.

முதல்ல பழம் குடுத்த ஆளு மட்டும் சிரிக்கல. படத்த பெருசாக்கி, பந்தலுக்குக் கீழ இருக்க நெழலக் காட்டி, அரகொற ஜெர்மன்ல, இவ்வளவு நெழல்ல நின்னு பறிக்கிற வேலைய விட்டுட்டு நீ எதுக்கு இங்க வந்தேன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள வண்டி மோட்டாரப் போட்டுட்டான், தடதடன்னு இறங்கிப் போயிட்டாரு. இப்பவும் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பதிலா யோசிப்பேன், ஒண்ணும் சரியா வரல.

அம்மா கேட்ட கூலிக்கு ஜெர்மனி கணக்கு சொல்லுதேன், சுவிஸ் எனக்குத் தெரியாது. 2025ல குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. அந்தச் சரிவுல மிஷின் ஏறாது, எல்லாம் கைவேலை. ஏழரை யூரோவுக்கு பாட்டில் குடுத்தவர் ஏன் டேப்ப அப்படிப் பிச்சாருன்னு வழிப்போக்கன் தம்பி இத வச்சு யோசிச்சுக்கட்டும்.

பேர்ண் தமிழன்

தம்பி சுருளி, உங்கட பதிவை அம்மாவுக்கு ஃபோனில வாசிச்சுக் காட்டினன். 12.82 எண்டதை ஊர்க் காசில கேட்டவா, சொன்னன். "உதுக்கு நானே வந்து கிள்ளுவன்" எண்டுறா.

வழிப்போக்கன்

சுருளி அண்ணே, இப்படி அடிப்பீங்கன்னு எதிர்பாக்கல. கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரி அவருக்கு ஒரு மெயில் போட்டேன், அன்னைக்கு ரயில்ல வந்த இந்தியப் பையன், கபினெட் ஆறு தபால்ல வேணும்னு. பதில் வந்துடுச்சு, ஒரே வரி, தபால்னா குறைஞ்சது பன்னெண்டு பாட்டிலாம். கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் யாராவது இருந்தா பாதி எடுத்துக்கறீங்களா?

நடைராணி

எல்லாரும் திறந்த கேட்டு, மணி அடிச்சா வர பாட்டின்னு எழுதறீங்க. எனக்கு நடந்தது கேட்டுக்கு வெளியதான்.

டோரோ வேலி, போர்ச்சுகல். போர்ட்டோல சாவ் பெந்த்தோ ஸ்டேஷன்ல ஏறினா பின்யாவ் வரைக்கும் ரெண்டரை மணி நேரம், வலது பக்க ஜன்னல்ல உக்காரணும், பாதி வழிக்கு மேல ஆறு கூடவே வரும். பின்யாவ் ஸ்டேஷன் சுவத்துல அறுவடைக் காட்சியெல்லாம் நீல ஓட்டுல வரைஞ்சிருக்கும், அதுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு. 1756லயே எல்லை போட்டு, இந்த நிலத்துத் திராட்சைதான் போர்ட்ங்கற வைனுக்குன்னு சட்டம் கொண்டு வந்த இடம். ஸ்டேஷன்ல இருந்தே நடக்கற தூரத்துல தோட்டம் இருக்கு, ஆனா நான் புக் பண்ணினது கொஞ்சம் தள்ளி, மேடு. தனியாத்தான் போனேன். செப்டம்பர், பதினோரு மணிக்கே வெயில் மண்டைய பொளக்குது.

பெரிய இரும்பு கேட். பெல் எங்கன்னு தேடினா, ரோட்டு நடுவுல ஒரு கம்பம், கார்ல உக்காந்துட்டே கைய நீட்டினா எட்டற மாதிரி இடுப்பு உயரத்துல. அழுத்தினேன், யாரோ போர்ச்சுகீஸ்ல பேசினாங்க, பேர் சொன்னேன், டிங்னு ஒரு சத்தம், கேட் திறக்கல. திரும்ப அழுத்தினேன், திரும்ப டிங். தள்ளிப் பாத்தேன், அசையல. கேமரா வேற அந்த உயரத்துலயே இருக்கு, என் வயிறுதான் தெரிஞ்சிருக்கும் அவங்களுக்கு. வண்டிய முன்னாடி எடுங்கன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க. வண்டி இல்லன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் மறுபடியும், ப்ளீஸ் வண்டிய முன்னாடி எடுங்க.

பின்னாடி திராட்சைக் கூடை ஏத்தின ஒரு லாரி வந்துச்சு. கேட் தானா திறந்துச்சு. நான் லாரிக்குப் பின்னாடியே உள்ள போயிட்டேன். உள்ள ஒருத்தர் கூட என்ன யாருன்னு கேக்கல, அவ்ளோ பரபரப்பு. நீளமா ஒரு மேஜை ஓடுது, அதுல கொத்து கொத்தா வருது, ரெண்டு பக்கமும் பெண்கள் நின்னு இலை, அழுகல் எல்லாத்தையும் பொறுக்கி எறியறாங்க. நான் எட்டிப் பாத்துட்டு நிக்கும்போது ஒரு அக்கா முழங்கையால இடிச்சு இடம் விட்டாங்க. சும்மா நிக்கறது ஒரு மாதிரி இருக்கவே நானும் இலை பொறுக்க ஆரம்பிச்சேன். ஒருத்தங்க ஏப்ரன் போட்டு விட்டாங்க! அரை மணி நேரம் இருக்கும், மேஸ்திரி மாதிரி ஒருத்தர் வந்து தலைய எண்ணறார், மறுபடி எண்ணறார், என்கிட்ட வந்து நிக்கறார். டேஸ்டிங்னு சொல்லி ஃபோன்ல புக்கிங்க காட்டினேன். அந்த முழங்கை அக்காதான் முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் மேஜையே நின்னு போச்சு.

ஆஃபீஸ்ல இருந்து ஓடி வந்து மன்னிப்பு கேட்டு, டேஸ்டிங் காச திருப்பித் தரேன்னாங்க. வேணாம்னுட்டேன். மூணு போர்ட் ஊத்தினாங்க, இருபது சதவீதம், அந்த வெயில்ல ரெண்டாவதுலயே எனக்குப் போதும்னு ஆயிடுச்சு. எனக்கு உறுத்தறது அது இல்ல. அந்த ரூம்ல ஏசி, கண்ணாடி, சோஃபா, கீழ அந்த மேஜை அப்படியே தெரியுது. முழங்கை அக்கா நிமிர்ந்து பாத்தாங்க. நான் கிளாஸோட கைய தூக்கி ஹாய் சொன்னேன். அவங்க பதிலுக்குக் கைய தூக்கல.

கணக்குப்பிள்ளை

சகோதரி, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா இது ரொம்ப ஆபத்தான விஷயம். ஓடற மெஷின் பக்கத்துல கைய விட்டு ஏதாவது ஆகியிருந்தா யார் பொறுப்பு? உங்க டிராவல் இன்ஷூரன்ஸ் ஒரு பைசா தராம போகலாம், நீங்க வேலை பாத்ததா கணக்காயிடலாம், டூரிஸ்ட் விசாவுல வேலை பாக்கறது அதவிடப் பிரச்சினை. கேட் திறக்கலன்னா ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து ஃபோன் பண்ணி வண்டி அனுப்பச் சொல்லியிருக்கணும்.

நடைராணி

சார், ஸ்டேஷன் மூணு கிலோமீட்டர். நீங்க அந்த வெயில்ல நடந்து காமிங்க, நான் விசா பத்திப் பேசறேன்.

கொல்மார் வாசி

அவர் அந்த மேஜைய நிறுத்தி ஆடிட்டே பண்ணியிருப்பார், விடுங்க. அந்த அக்கா கை பிசியா இருந்திருக்கும்ங்க, அவ்ளோதான், நீங்களா ஏதாவது நினைச்சுக்காதீங்க.

நடைராணி

பிசியா இல்ல. பாத்தாங்க.

மன்ஹைம் மாப்ள

சீரியஸா போயிட்டிருக்கற இடத்துல நான் ஒரு சின்னது போட்டுட்டு ஓடிடறேன். பிஃபால்ஸ், ஜெர்மனியில இன்னொரு வைன் ஏரியா. மன்ஹைம்ல இருந்து ரயில்ல அரை மணி நேரம் முக்கால் மணி நேரத்துல டைடஸ்ஹைம், நொய்ஸ்டாட் எல்லாம் போயிடலாம், தோட்டம் ஸ்டேஷன் வாசல்லயே ஆரம்பிக்கும், மோசெல் மாதிரி மலையெல்லாம் ஏற வேணாம், அரை லிட்டர் டுப்பகிளாஸ்ல வைனும் சோடாவும் கலந்து ஷோர்லன்னு தருவாங்க, பட்ஜெட் பார்ட்டிங்களுக்கு இதான் சொர்க்கம், மோசெல் மோசெல்னு ஏன் எல்லாரும் உருகறீங்கன்னே புரியல.

அக்டோபர்ல ஃபெடர்வைசர் வரும்ல, பாதி புளிச்ச வைன், கலங்கலா, இனிப்பா. ரோட்டோரம் ஒரு தாத்தா பாட்டில்ல வித்துட்டிருந்தார், சீப்பு, வாங்கி பையில போட்டு ரயில்ல ஏறி உக்காந்துட்டேன். அது உள்ள இன்னும் நொதிச்சுட்டே இருக்கும், கேஸ் வெளிய போகணும்னு மூடிய சும்மா மேல வச்சுத்தான் விப்பாங்க. எதிர் சீட்டுல கோட்டு சூட்டு, டை எல்லாம் போட்டு ஒரு வயசானவர், பேப்பர் படிச்சுட்டிருந்தார். திடீர்னு பேப்பர இறக்கி மூக்க உறிஞ்சினார். என் பைய பாத்தார். பைக்கு அடியில இருந்து ஒரு கோடு அவர் ஷூ பக்கம் மெதுவா ஓடிட்டிருக்கு. நான் எந்திரிக்கறதுக்குள்ள அவரே பைய திறந்து, படுத்துக் கிடந்த பாட்டில எடுத்து, பேப்பர்ல ஒரு பக்கத்த கிழிச்சு துடைச்சு, அவரோட ரெண்டு ஷூவுக்கும் நடுவுல நிமித்தி இடுக்கி வச்சுகிட்டார். அந்தப் பளபள ஷூ! திரும்ப பேப்பர எடுத்து படிக்க ஆரம்பிச்சுட்டார். சாரி சொன்னேன், தேங்க்ஸ் சொன்னேன், எதுக்கும் பதில் இல்ல. லுட்விக்ஸ்ஹாஃபன்ல இறங்கும்போது பாட்டில என் கையில குடுத்துட்டு, "இன்னைக்கே குடிச்சிடு"ன்னு மட்டும் சொன்னார்.

கணக்குப்பிள்ளை

அன்னைக்கே குடிக்கணும்னு இல்ல, ஃப்ரிட்ஜ்ல நிமித்தி வச்சா சில நாள் தாங்கும், இனிப்பு குறைஞ்சுட்டே வரும் அவ்வளவுதான். மூடிய மட்டும் யாரும் இறுக்காதீங்க.